டெம்சி மலையில் பாட்டி கைச் சமையல்

சிங்கப்பூரின் டெம்சி மலைக்கு அப்பா இதற்குமுன் போனது 1977-இல். அப்போது அங்கே உணவகம் எதுவும் கிடையாது. தேசிய சேவை என்ற கட்டாய ராணுவச் சேவைக்கு ஆள் எடுக்கும் மத்திய மனிதவளத் தளம் அந்த மேட்டில்தான் இருந்தது. கையில் கடிதத்தோடு வரிசையில் நின்றது, சட்டையைக் கழற்றி எடை பார்த்தது, ஓர் எழுத்துப் பலகையைக் காட்டிக் கண் சோதித்தது, வெளியே வந்ததும் பசி தாங்காமல் ஆர்ச்சர்ட் சாலைவரை நடந்தது என்று இன்றைக்கும் வரிசை மாறாமல் சொல்வார். தளம் 1989-இல் டிப்போ சாலைக்கு மாறிப்போய்விட்டது. பழைய ராணுவக் கட்டடங்கள் அப்படியே நிற்க, உள்ளே கலைப்பொருள் கடைகளும் உணவகங்களும் வந்துவிட்டன.

அவருடைய 65-ஆம் பிறந்தநாளுக்கு அங்கே உள்ள கேண்டல்நட் உணவகத்தில் செட் லஞ்ச் பதிவு செய்திருக்கிறேன் என்றபோது அப்பா முதலில் கேட்டது, "அந்த மேட்டுலயா சாப்பாடு?" என்றுதான். அம்மா கேட்டது வேறு. "பெரானக்கான் சாப்பாடா? பீபிக் வீட்டுல சாப்பிட்டதுதானே. அதுக்குப் போய் இவ்வளவு காசா?"

பெரானக்கான் என்பது இந்தப் பகுதியில் குடியேறிய சீனர் போன்றோர் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான சமூகம். பீபிக் எங்கள் பழைய பக்கத்து வீட்டுப் பெரானக்கான் பாட்டி. அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நம்மவர் பலரும் இதையே கேட்பார்கள். வீட்டில் அரைத்து, வதக்கி, கொதிக்கவைக்கும் ஒரு குழம்புக்கு ஒருவருக்கு நூறு வெள்ளிக்கு மேல் கொடுக்கலாமா?

போன ஆண்டு நகரின் நடுவே ஒரு பெரிய ஹோட்டலுக்கு இவர்களை அழைத்துப் போய் மனம் நொந்து திரும்பியதையும் இங்கே சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம் என்று பதிவு செய்யும்போதே சொல்லியிருந்தேன். இருந்தும் தட்டு வந்தபோது இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டு, மீதி இருந்த உருளைக்கிழங்கையும் நாலு கேரட் துண்டையும் அப்பாவின் முன்னால் வைத்தார்கள். அவர் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டார். வீட்டுக்கு வந்து, மத்தியானம் மிஞ்சியிருந்த ரசத்தை ஊற்றி இரண்டு கரண்டி சோறு தின்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இவர்களை இனி எங்கே அழைத்துப் போனாலும் முழுச் சாப்பாடு சாப்பிட்ட நிறைவோடு எழ வேண்டும் என்பது அன்று நான் எனக்குள் போட்டுக்கொண்ட கணக்கு.

ஈசூனிலிருந்து கிளம்பி நேப்பியர் ரயில் நிலையத்தில் இறங்கினோம். தாவரவியல் பூங்காவின் தங்ளின் வாசல் பக்கம். அங்கிருந்து நடக்கலாம்தான், ஆனால் அம்மாவின் முழங்காலுக்கு அந்த ஏற்றம் ஒத்துவராது. டாக்சி பிடித்தோம். பெரியவர்களோடு போகிறவர்கள் நேராக வாசல்வரை வண்டியில் போய்விடுவது நல்லது. மலையில் கட்டடங்களுக்கு எண் மட்டும்தான். 17ஏ என்று சொன்னால் ஓட்டுநருக்குத் தெரிகிறது.

ராணுவத்துக்கும் முன்னால் இந்த மலை ஜாதிக்காய்த் தோட்டமாக இருந்தது. 1850-களில் நோய் விழுந்து சிங்கப்பூரின் ஜாதிக்காய் மரங்கள் பட்டுப்போக, பிரிட்டிஷ் ராணுவம் நிலத்தை வாங்கிப் படைவீட்டைக் கட்டியது. மசாலாத் தோட்டம் அழிந்த இடத்தில் மசாலாச் சமையல் திரும்பி வந்திருப்பதை நினைத்துக்கொண்டே இறங்கினேன். அப்பா வேறு ஏதோ தேடிக்கொண்டிருந்தார். "படிக்கட்டு இந்தப் பக்கம்தான் இருந்திச்சு" என்று அடுத்த கட்டடத்தைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் நின்றார். அவசரப்படுத்தாமல் நாங்களும் நின்றோம்.

உள்ளே கூரை மிக உயரம். பிரம்பு வேலைப்பாடு, வெள்ளைச் சுவர், நிறைய வெளிச்சம். மேசைக்கும் மேசைக்கும் நல்ல இடைவெளி விட்டிருப்பதால் பக்கத்து மேசைப் பேச்சு நம் காதில் விழாது, நம் பேச்சும் அவர்களுக்குக் கேட்காது. அம்மா குரலைத் தணிக்காமல் பேசியது அந்த இடைவெளியால்தான் என்று நினைக்கிறேன்.

இந்த உணவகம் 2010-இல் தொடங்கியது. சமையற்கலைஞர் மால்கம் லீயின் அடிப்படை அவருடைய அம்மாவும் பாட்டியும் சமைத்த சமையல். 2016-இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் தந்து தரம்பிரிக்கும் மிஷெலின் வழிகாட்டி சிங்கப்பூருக்கு முதல்முறையாக வெளிவந்தபோதே ஒரு நட்சத்திரம் பெற்றார்கள். உலகிலேயே ஒரு பெரானக்கான் உணவகத்துக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை. இங்கே தரும் செட்டுக்கு 'ஆமாகாசே' என்று பெயர். என்ன வேண்டும் என்பதைச் சமைப்பவரிடமே விட்டுவிடும் ஜப்பானிய முறைக்கு 'ஒமாகாசே' என்பார்கள். 'ஆமா' என்றால் பாட்டி. இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். பாட்டி என்ன போடுகிறாரோ அதைச் சாப்பிட வேண்டியதுதான். பட்டியலைப் பார்த்து விலையைப் பார்த்து, "எனக்குப் பசியே இல்ல, நீ சாப்பிடு" என்று அம்மா சொல்வதற்கு இங்கே வழியே கிடையாது. செட் லஞ்சை நான் விரும்புவதற்கு முதல் காரணம் இது. அவர் முன்னால் விலை அச்சிட்ட பட்டியல் நீட்டப்படவே இல்லை.

பதிவு செய்யும்போது மாடு, பன்றி இரண்டும் வேண்டாம் என்று குறித்திருந்தேன். உட்கார்ந்ததும் பரிமாறும் பெண் வந்து, "அங்கிள், ஆன்ட்டி, மாடும் பன்றியும் இல்லாமல் உங்களுக்குத் தனியாகச் சமைத்திருக்கிறோம், எந்தத் தட்டில் என்ன மாறியிருக்கிறது என்று வரும்போது சொல்கிறேன்" என்றார். சொன்னபடியே ஒவ்வொரு தட்டுக்கும் சொன்னார். போன ஆண்டின் உருளைக்கிழங்குத் தட்டு அந்த இடத்தில் என் மனத்திலிருந்து இறங்கியது.

முதலில் கொறிக்கும் வகைகள். அவற்றில் குவே பைத்தியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தலைகீழாக வைத்த சின்னத் தொப்பி போன்ற மொறுமொறுப்பான கிண்ணம். உள்ளே பெங்குவாங் கிழங்கை மெல்லிய சீவலாகச் சீவி, இறால் வாசத்தோடு பதமாக வதக்கி நிரப்பியிருந்தார்கள். ஒரே வாயில் போட வேண்டும். அம்மா போடவில்லை. கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். கிண்ணத்தின் சுவர் வழியாக விரல் நிழல் தெரிந்தது.

"அச்சு முறுக்கு மாதிரிதான். அச்சைக் காயவெச்சு, மாவுல தோய்ச்சு, திரும்ப எண்ணெயில விடுறது. அச்சு சூடு பத்தலன்னா மாவு பிடிக்காது. சூடு கூடிப்போனா பாதி மாவு அங்கேயே வெந்து ஒட்டிக்கும். இவ்ளோ மெலிசா வரணும்னா மாவு தண்ணி மாதிரி இருக்கணும், ஆனா தண்ணியா இருக்கவும் கூடாது."

தீபாவளிக்கு நாற்பது ஆண்டாக அச்சு முறுக்கு சுடுகிறவர் சொன்னது. பிறகுதான் சாப்பிட்டார். இரண்டாவதையும் கேட்காமலே எடுத்துக்கொண்டார்.

முக்கியச் சாப்பாடு தனித்தனித் தட்டாக வருவதில்லை. நடுவில் குழம்பும் கறியும் வைத்து, மல்லிகை அரிசிச் சோற்றோடு எல்லாரும் பகிர்ந்து சாப்பிடும்படி வைக்கிறார்கள். உயர்தர உணவகம் என்றாலே ஆளுக்கொரு பெரிய தட்டு, நடுவில் ஒரு பிடி உணவு என்று பழகிய எனக்கு இது பெரிய ஆறுதல். குழம்பு என்பது நடுவில் இருக்க வேண்டியது. ஒருவர் கரண்டியில் எடுத்து இன்னொருவர் சோற்றில் விட வேண்டியது. அப்பா கையால் சாப்பிடலாமா என்று தயங்கிக் கேட்டார். அந்தக் காலத்துப் பெரானக்கான் வீடுகளில் கையால்தான் சாப்பிடுவார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, கை கழுவ வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணம் கொண்டுவந்து வைத்தார் அந்தப் பெண்.

நீல நண்டுக் கறி வந்தது. மஞ்சள், பேரரத்தை, கஃபிர் எலுமிச்சை இலை, தேங்காய்ப்பால். நண்டின் ஓடு ஒரு துண்டுகூட இல்லை. சதையை மட்டும் பிரித்தெடுத்துக் குழம்பில் விட்டிருந்தார்கள். நண்டு என்றால் கடித்து உடைத்து உறிஞ்சுவதுதான் சுவை என்பவர் அப்பா. "ஓடு எங்கம்மா?" என்று கேட்டுவிட்டு ஒரு வாய் போட்டார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒவ்வொரு கவளத்திலும் நண்டு இருந்தது. எலுமிச்சை இலையின் மணம் மூக்குக்கு முதலில் வந்து, தேங்காய்ப்பால் நாவில் படர்ந்து, நண்டின் இனிப்பு கடைசியில் வந்து தங்கியது. வீட்டில் நண்டு சமைக்கும்போது அப்பாவுக்குச் சதையை எடுத்துக் கொடுத்துவிட்டு அம்மா காலை மட்டும் கடித்துக்கொண்டிருப்பதை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அன்று அம்மாவின் சோற்றிலும் சதை மட்டுமே இருந்தது.

சம்பல் என்ற மிளகாய் விழுதில் புரட்டிய பெரிய இறாலும், சாப் சாய் என்ற காய்கறிக் கலவையும் நன்றாகவே இருந்தன. சாப் சாயில் முட்டைக்கோஸ் கரைகிற அளவுக்கு வெந்தும் உருக்குலையாமல் இருந்தது. வழக்கமாக அதில் சேரும் பன்றி எங்களுக்கு இல்லை. இறால் சாறே போதுமான ஆழத்தைக் கொடுத்தது. சம்பலில் எனக்கு இன்னும் கொஞ்சம் காரம் இருந்திருக்கலாம், ஆனால் அது என் நாக்கின் பழக்கம்.

இந்தச் சமையல் எல்லாவற்றுக்கும் அடிப்படை ரெம்பா என்ற அரைத்த மசாலா. சின்ன வெங்காயம், மிளகாய், மஞ்சள், செராய் என்ற எலுமிச்சைப்புல், பேரரத்தை, பெலாச்சான் என்ற இறால் விழுது, அதோடு புவா கெராஸ் என்ற எண்ணெய்ப் பசையுள்ள கொட்டை. நாம் குழம்பு கெட்டியாக முந்திரியோ கசகசாவோ அரைத்து விடுவதுபோல அவர்களுக்கு அது. விளக்காக எரியும் அளவுக்கு எண்ணெய் உள்ள கொட்டை என்பதால்தான் ஆங்கிலத்தில் கேண்டல்நட் என்ற பெயர். உணவகத்தின் பெயரும் அதுவே. அரைத்த ரெம்பாவைச் சின்னத் தீயில் எண்ணெய் பிரியும்வரை வதக்க வேண்டும். மலாய் மொழியில் அதற்கு 'பெச்சா மிஞ்ஞாக்' என்பார்கள், எண்ணெய் உடைவது. "எண்ணெய் பிரிஞ்சு மேல வரணும், அதுவரைக்கும் கைய எடுக்காத" என்று என் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதே சொல்தான். அவசரப்பட்டால் பச்சை வாடை நிற்கும். இந்த மேசையில் எந்தக் கிண்ணத்திலும் பச்சை வாடை இல்லை.

இனிப் புவா கெலுவாக் என்ற கறுப்புக் கொட்டை. இதற்காகத்தான் வந்தேன்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோ பாயோவில் பக்கத்து வீட்டில் ஒரு பீபிக் இருந்தார். வயதான பெரானக்கான் பெண்களை அப்படித்தான் அழைப்போம். அவர் வீட்டு வாசலில் ஒரு வாளியில் கறுப்பாக, பெரிய பாக்குப் போன்ற கொட்டைகள் ஊறிக்கொண்டிருக்கும். காலையில் தண்ணீரைக் கொட்டுவார், பழைய பல் துலக்கும் தூரிகையால் ஒவ்வொன்றாகத் தேய்ப்பார், புதுத் தண்ணீர் ஊற்றுவார். நாலைந்து நாள் இது நடக்கும். தொடாதே என்பார். தொட்டதில்லை. எங்களுக்காகக் கோழி மட்டும் போட்டுச் சமைத்து ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவார்.

அந்தக் கொட்டையில் இயற்கையாகவே சயனைடு நஞ்சு உண்டு. நம் ஊர்ப் பக்கம் கசப்பு மரவள்ளியைப் பக்குவம் பண்ணாமல் தின்னக் கூடாது என்பதுபோல. அதனால் கொட்டையை வேகவைத்து, சாம்பலும் வாழையிலையும் மண்ணுமாக மூடி ஏறக்குறைய 40 நாள் புதைத்துவைப்பார்கள். உள்ளே வெண்ணெய் நிறத்தில் இருந்த பருப்பு அந்த நாட்களில் கன்னங்கரேலென்று மாறிவிடும். நஞ்சு கழன்றுபோகும். பிறகு கடைக்கு வரும், பிறகு வாளியில் ஊறும். ஊறிய பிறகு ஒரு முனையில் சின்னதாக உடைத்து வாய் திறந்து, பருப்பைத் தோண்டி எடுத்து, இடித்து, திரும்ப அந்த ஓட்டுக்குள்ளேயே அடைத்து, புளியும் ரெம்பாவும் சேர்ந்த குழம்பில் கோழியோடு கொதிக்கவிட வேண்டும்.

அன்று கோழியோடு அது வந்தது. அம்மா கரண்டியின் நுனியால் கறுப்பு விழுதைக் கொஞ்சம் சோற்றில் வைத்துப் பிசைந்தார். சோறு சாம்பல் நிறமாக மாறியது. வாயில் வைத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வத்தக்குழம்பு அடிச்சட்டியில ஒட்டிக்கிட்டிருக்குமே, அத வழிச்சு சாப்பிடுற மாதிரி இருக்கு" என்றார். இதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது. சிலர் இதைச் சாக்லெட்டோடு ஒப்பிடுவார்கள், சிலர் டிரஃபிள் காளானோடு. எனக்குக் கறுப்பு எள்ளை வறுக்கும்போது கருகலுக்கு முன்னால் ஒரு நொடி வரும் மணம் தெரிந்தது. கசப்பு இருக்கிறது, ஆனால் அது சுண்டைக்காய் வற்றலின் கசப்பு. புளி அதைத் தூக்கிப் பிடிக்கிறது. மழை பெய்த மண்ணின் வாடை கடைசியில் மெல்ல வருகிறது.

பரிமாறிய பெண்ணிடம் அம்மா கேட்டார், எத்தனை நாள் ஊறவைக்கிறீர்கள், விழுதை எதில் அரைக்கிறீர்கள் என்று. அந்தப் பெண் தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைச் சமையலறையில் கேட்டுவந்து சொன்னார். கதை கேட்பதுபோல அம்மா கேட்டுக்கொண்டார். பிறகு தமிழில் என்னிடம், "பீபிக் நமக்குக் குடுத்தது எவ்ளோ பெரிய விஷயம், பாத்தியா. ஒரு கிண்ணம்னு நெனச்சோம்" என்றார்.

காசு பற்றிய கேள்வியை அதன்பிறகு அவர் கேட்கவில்லை. நானாகவே பதில் சொல்கிறேன். விலைக்குமேல் பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும், ஆக மூன்று பேருக்கு நன்றாகவே கை கடிக்கும் தொகை. ஆனால் 40 நாள் மண்ணில் கிடந்து, நாலைந்து நாள் தண்ணீரில் கிடந்து, ஒவ்வொன்றாகக் கையால் உடைத்து அடைத்த கொட்டைக்கு எவ்வளவு கொடுக்கலாம்? நம் வீட்டுச் சமையலுக்கு நாம் விலையே போடாமல் விட்டது, அதைச் செய்த பெண்களின் நேரத்துக்கு விலை போடாததால்தான். அதே உழைப்புக்கு ஒரு உணவகம் விலை போட்டு, மேசைவிரிப்பு போட்டு, மரியாதையாகக் கொண்டுவந்து வைக்கும்போது எனக்கு அது அதிகம் என்று தோன்றவில்லை. தோசைக்கும் புளிக்குழம்புக்கும் இப்படி ஒரு மேசை வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

இந்தச் சமையல் நமக்கு அந்நியமும் இல்லை. மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான மலாக்கா செட்டிகளும் பெரானக்கான்களே. வீட்டில் மலாய் பேசுவார்கள், கோயிலில் விநாயகரைக் கும்பிடுவார்கள். மலாக்காவின் பொய்யாத விநாயகர் கோயில் 1781-இல் அவர்கள் கட்டியது. போகியன்று முன்னோருக்கு வாழையிலையில் படைக்கும் 'பார்ச்சு' சடங்கில் தேங்காய்ப்பால் சோறும் சம்பலும் இருக்கும். 2018-இல் தேக்காவில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தில் இவர்களைப் பற்றி நடந்த கண்காட்சிக்கு அம்மாவோடு போயிருந்தேன். அங்கே பார்த்ததை இந்த மேசையில் நாக்கால் தெரிந்துகொண்டதுபோல இருந்தது.

இனிப்புக்குச் செண்டோல், ஆனால் வழக்கமான ஐஸ் சீவல் இல்லை. தேங்காய்க் கிரீம், பாண்டான் மணம், மேலே குலா மலாக்கா பாகு. நம் கருப்பட்டிப் பாகின் உடன்பிறப்பு. அப்பா கரண்டியால் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். கூடவே புவா கெலுவாக் ஐஸ்கிரீம். கருஞ்சாக்லெட்டும் உப்புக் கேரமலும், விழுங்கிய பிறகு தொண்டையில் எட்டிப் பார்க்கும் மிளகாயும். குழம்பில் இருந்த அதே கறுப்பு விழுது இனிப்பிலும் இருக்க முடியும் என்பதை அம்மா நம்பவில்லை. எனக்கு இரண்டில் ஐஸ்கிரீம்தான் பிடித்தது, அப்பாவுக்குச் செண்டோல், அம்மாவுக்கு எதைவிடவும் அந்தக் கோழிக் குழம்பு.

ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அம்மா ஒருமுறைகூட எழுந்து யாருக்கும் எதுவும் எடுத்துவைக்கவில்லை. இரண்டு முறை பாதி எழுந்தார், பழக்கதோஷம். இரண்டு முறையும் அதற்குள் சோறு வந்துவிட்டது. அப்பா வேலைக்குப் போன காலமெல்லாம் உணவங்காடியில் தட்டை ஏந்தி, இடம் தேடி, ஈரம் காயாத மேசையில் பத்து நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்தவர். அன்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, வெந்நீர் குடித்தபடி, 1977-இல் தனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பையன் பயத்தில் அழுத கதையைச் சொன்னார். இத்தனை ஆண்டில் அதை எங்களிடம் சொன்னதே இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: வார இறுதி என்றால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்பதைப் பதிவின்போதே தெளிவாக எழுதுங்கள், அன்று போய்ச் சொல்லாதீர்கள். சமையல் அதற்கேற்ப மாற வேண்டும் அல்லவா. காலையில் பசியாறலைக் குறைத்துக்கொண்டு போங்கள். ஆமாகாசேயில் வரும் உணவு வகைகள் மாறிக்கொண்டே இருக்கும், நாங்கள் சாப்பிட்டது அப்படியே உங்களுக்கு வரவேண்டும் என்றில்லை. கெலுவாக் இருந்தால் மட்டும், அதன் நிறத்தைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். முதல் வாய் வெறும் சோற்றோடு, இரண்டாவது வாய் குழம்போடு.

மறுநாள் காலை அம்மா தானாகவே சந்தைக்குக் கிளம்பிப் போய், ஒரு பை நிறையக் கறுப்புக் கொட்டைகள் வாங்கி வந்தார். பழைய பல் தூரிகை ஒன்றை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்று மூன்றாம் நாள். வாளியில் தண்ணீர் இன்னும் கலங்கித்தான் இறங்குகிறது. சனிக்கிழமைவரை மாற்ற வேண்டும் என்கிறார்.